வழக்குக் கட்டுகளை அவிழ்த்தவர்கள்

துர்காபாய் தேஷ்முக் 1953-இல் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது ஒரு யோசனையையும் கொண்டுவந்தார். குடும்ப வழக்குகளை விசாரிக்க அங்கே தனி நீதிமன்றங்கள் நடந்துகொண்டிருந்தன. இங்கும் அப்படி வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.சி. சாக்ளாவிடமும் பி.பி. கஜேந்திரகட்கரிடமும் பேசினார். பிரதமர் நேருவிடமும் எடுத்துச் சொன்னார்.

இதைச் சொல்ல அவருக்கு முழுத் தகுதி இருந்தது. எட்டு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, விவரம் தெரிந்த வயதில் அந்தக் கல்யாணத்திலிருந்து விலகி வந்தவர் அவர். உப்புச் சத்தியாகிரகத்தின்போது சென்னையில் கைதாகிச் சிறை சென்றவர். பிறகு சட்டம் படித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடியவர். அதே ஊரில் ஆந்திர மகிள சபாவைத் தொடங்கிப் பெண்களுக்குப் படிப்பும் தொழிலும் கற்றுக்கொடுத்தவர்.

அவர் கேட்டது கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல்தான் நிறைவேறியது.

இந்த நீதிமன்றங்களின் கதையை நீதிபதிகள், வழக்கறிஞர்கள், பெண்கள் இயக்கத்தினர் வழியாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். அவர்களோடு இன்னொரு கூட்டமும் உழைத்திருக்கிறது. ரிக்கார்டு ரூம் பெஞ்சில் உட்கார்ந்து கட்டுக் கட்டாகக் கோப்புகளைப் படித்தவர்கள், நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்த பெண்களின் பக்கத்தில் அமர்ந்து அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டவர்கள், வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பியவர்கள். பெரும்பாலும் மாணவர்கள், ஆய்வு உதவியாளர்கள். வீட்டுக்குள் விழும் அடி எந்தக் காகிதத்தில் பதிவாகிறது, எந்த இடத்தில் பதிவிலிருந்து நழுவுகிறது என்பது இவர்கள் உழைப்பால்தான் வெளியே தெரியவந்தது.

அடிக்கு இடம் தராத சட்டங்கள்

சென்னை மாகாணம் 1949-லேயே இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு விவாகரத்து உரிமையும் தந்து ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. அந்தச் சட்டத்தில் கொடுமையைக் காட்டி நீதிமன்றத்தின் அனுமதியோடு பிரிந்து வாழலாம். விவாகரத்து வாங்க முடியாது. பிரிந்து வாழ அனுமதி பெறுவதும் எளிதாக இல்லை. இனி கணவனோடு இருந்தால் தனக்குக் கேடு வரும் என்று நியாயமாக அஞ்சும் அளவுக்குக் கொடுமை நடந்ததை மனைவி நிரூபிக்க வேண்டும். 1976-இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் கொடுமை விவாகரத்துக்கே காரணமாக ஏற்கப்பட்டது.

கிறிஸ்தவப் பெண்களின் நிலை இன்னும் மோசம். 1869-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவிக்கு வேறொருவரோடு உறவு இருந்தது என்று காட்டினாலே கணவனுக்கு விவாகரத்து உண்டு. மனைவியோ கணவனின் தவறான உறவோடு கொடுமையையோ கைவிட்டுப்போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001 வரை இப்படித்தான். ஜீவனாம்சத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது. சில மாநிலங்கள் அதை உயர்த்திக்கொண்டன என்றாலும் மத்தியச் சட்டத்தில் அந்த வரம்பும் 2001-இல்தான் நீங்கியது.

1971-இல் மத்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. புல்ரேணு குஹா தலைவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த லத்திகா சர்க்கார் உறுப்பினர். பின்னர் உறுப்பினர் செயலராகப் பொறுப்பேற்ற வீணா மஜும்தார், சமூக அறிவியல் ஆய்வாளர்களைத் திரட்டித் தரவுகளைச் சேகரிக்க வைத்தார். 1974 இறுதியில் முடிந்த அந்த அறிக்கை குடும்ப நீதிமன்றங்கள் வேண்டும் என்று வலியுறுத்தியது. அதே ஆண்டில் சட்ட ஆணையமும் தன் 59-ஆவது அறிக்கையில், குடும்ப வழக்கைச் சொத்து வழக்குபோல் நடத்தக்கூடாது என்றது. மக்கள்தொகையில் பெண்களின் விகிதம் குறைந்துவருவதை நாட்டுக்கு எடுத்துக்காட்டிய பெரும் பணி பெண்கள் நிலை அறிக்கை. மக்கள்தொகை, சட்டம், வேலை, கல்வி, அரசியல் எல்லாவற்றுக்கும் அதில் அத்தியாயம் இருந்தது. வீட்டு வன்முறைக்குத் தனி அத்தியாயம் இல்லை. நாட்டின் மிகக் கூர்மையான ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய அறிக்கையிலேயே இந்த நிலை என்றால், கீழ்நீதிமன்றக் கோப்புகளில் அந்த அடி எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எதிரெதிரே நின்ற இரண்டு சட்டங்கள்

1979-இல் லத்திகா சர்க்கார், உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். காவல் நிலையத்தில் பழங்குடிப் பெண் ஒருவருக்கு நேர்ந்த வன்புணர்வு வழக்கில் காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்திருந்தது. அந்தத் தீர்ப்பை வரிவரியாகப் படித்து, பெண்ணின் உடலில் காயம் இல்லை என்பதிலிருந்து அவளுக்குச் சம்மதம் இருந்தது என்ற முடிவுக்கு எப்படித் தாவினீர்கள் என்று கேட்டார்கள். நீதிமன்றக் காகிதத்தை ஒரு வகுப்பறை இப்படிப் படித்துக் கேள்வி கேட்கலாம் என்பதை அந்தக் கடிதம் காட்டியது. அதே காலத்தில்தான் தில்லியில் வரதட்சணைச் சாவுகளை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள்.

இவற்றின் விளைவாக 1983-இல் குற்றவியல் சட்டம் இரண்டு முறை திருத்தப்பட்டது. இரண்டாவது திருத்தம் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவைச் சேர்த்தது. மனைவியைக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85, 86-ஆம் பிரிவுகளாக இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் கொடுமை குற்றம் என்று சட்டம் முதன்முதலாக வாய்திறந்து சொன்னது அப்போதுதான்.

அடுத்த ஆண்டே குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. அதன் 4-ஆம் பிரிவு, நீதிபதிகளாக நியமிக்கப்படுவோர் திருமணம் என்ற அமைப்பைக் காத்து நிலைநிறுத்துவதில் பற்றுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. பெண்களுக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. 9-ஆம் பிரிவுப்படி முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். 13-ஆம் பிரிவுப்படி வழக்கறிஞரை வைத்துக்கொள்வது உரிமையாகாது. நீதிபதி அனுமதித்தால் வைத்துக்கொள்ளலாம். கவுன்சலர்கள் உண்டு, சமூக நல அமைப்புகளின் துணை உண்டு, சாட்சியச் சட்டத்தின் இறுக்கம் கிடையாது. ஏழைப் பெண் ஒருத்தி வக்கீல் செலவில்லாமல் வந்து தன் பாட்டைச் சொல்லி நியாயம் வாங்கிப் போகட்டும் என்ற நல்லெண்ணம் இந்த ஏற்பாடுகளில் தெரிகிறது.

ஓராண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டு சட்டங்களும் எதிரெதிர்த் திசையில் நின்றன. முதல் சட்டம் மனைவியை அடிப்பது குற்றம் என்றது. அடுத்த சட்டம் அடிபட்டவளையும் அடித்தவனையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கப் பார்த்தது. 1985-இல் ராஜஸ்தானில் தொடங்கி, சென்னையில் 1988, மும்பையில் 1989 என்று குடும்ப நீதிமன்றங்கள் திறந்தன. அங்கே வரும் பெண் எந்தத் திசையில் தள்ளப்படுகிறாள் என்ற கேள்விக்குப் பதில் சட்டப் புத்தகத்தில் கிடைக்காது. கோப்பைத்தான் படித்தாக வேண்டும்.

சிகாகோவிலிருந்து நாக்பாடா வரை

நீதிமன்றக் கோப்பை மாணவர்களைக் கொண்டு படிக்கவைக்கும் வழக்கத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயது. 1899-இல் சிகாகோவில் சிறார் நீதிமன்றம் தொடங்கியது. சட்டத்திலும் அரசியல் அறிவியலிலும் பட்டம் பெற்ற சோபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜும் பொருளியல் அறிஞர் ஈடித் ஆபட்டும் அதன் முதல் பத்தாண்டுக் கோப்புகளை ஆராய்ந்து 1912-இல் நூலாக வெளியிட்டார்கள். அங்கிருந்த சமூகப் பணிப் பள்ளியின் ஆய்வுத் துறை அந்த வேலையைச் செய்தது. கோப்பைப் படிப்பதோடு நிற்காமல் குழந்தைகளின் வீடுகளுக்கும் போய் விசாரித்தார்கள். கோப்பில் ஒரு வரியாக இருந்த குடும்பம், வீட்டுக்குப் போய்ப் பார்த்ததும் குடி, வறுமை, அடி, கைவிடப்பட்ட தாய் என்று விரிந்தது. 1911-இல் சிகாகோவிலேயே குடும்ப வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றமும் வந்துவிட்டது. கோப்பையும் களத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற முறை அமெரிக்கச் சமூகப் பணிக் கல்வியில் ஊன்றியது.

சிகாகோவில் படித்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் பம்பாய்க்கு வந்து, நாக்பாடா பகுதியில் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஒரு சமூக நிலையம் நடத்தினார். 1936-இல் டாடா அறக்கட்டளை தொடங்கிய சமூகப் பணிப் பள்ளிக்கு அவரே முதல் இயக்குநர். அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் தொடங்கியது. வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் களப்பணி என்பது இப்பள்ளிகளில் நிலைத்த முறை. மருத்துவமனை, சேரி, சிறை, குடும்ப ஆலோசனை மையம் எனப் பல இடங்களுக்கு மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள்.

1984-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. காவல் துறையின் கட்டடத்தில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். அடிபட்டு வரும் பெண்ணிடம் காவலர் ஒரு மாதிரிக் கேள்வி கேட்பார், சமூகப் பணியாளர் வேறு மாதிரிக் கேட்பார். முதல் அடி எப்போது விழுந்தது, யார் பார்த்தார்கள், தாய் வீட்டில் சொன்னாளா, அவர்கள் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், கையில் பணம் இருக்கிறதா, இன்றிரவு எங்கே தூங்குவாள் என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். இப்படிச் சேர்ந்த விவரத் தாள்கள் எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் இல்லாத வரலாறாக ஆண்டுக்கணக்கில் பெருகின. இந்த முறை பின்னர் மகாராஷ்டிரத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

கட்டுக்குள் என்ன இருக்கிறது

தமிழ்நாட்டுக் குடும்ப நீதிமன்றக் கோப்பு ஒன்றைப் படிக்க உட்காரும் ஆய்வு மாணவி முதலில் பார்ப்பது வழக்கு எண். விவாகரத்து மனுவுக்கு ஒரு வரிசை, ஜீவனாம்சத்துக்கு எம்.சி. என்று ஒரு வரிசை, இடைக்கால மனுக்களுக்கு ஐ.ஏ. என்று ஒரு வரிசை. ஒரே தம்பதியின் மூன்று வழக்குகள் மூன்று கட்டுகளில் கிடக்கும். வீட்டு வன்முறை மனு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், வேறு கட்டடத்தில் இருக்கும். நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு பெண்ணின் கதை பிடிபடும்.

கட்டை அவிழ்த்தால் மனு, வக்காலத்து, கல்யாணப் பத்திரிகை, மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோ, ரேஷன் கார்டு ஜெராக்ஸ். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது. (தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது.) சில கட்டுகளில் அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு இருக்கும். அதில் வழுக்கி விழுந்ததாகக் குறித்திருப்பார்கள். மனுவில் அதே தேதியில் கணவன் உதைத்தான் என்று இருக்கும். சீட்டு எழுதியபோது கணவனோ மாமியாரோ பக்கத்தில் நின்றிருக்கலாம். மாணவி இரண்டையும் தன் படிவத்தில் குறித்துக்கொள்கிறாள். மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்களும் இதே முரணைக் கண்டிருக்கிறார்கள்.

பிறகு வாய்தாக் குறிப்புகள். மனுதாரர் ஆஜர், எதிர்மனுதாரர் ஆஜரில்லை. சம்மன் போய்ச் சேரவில்லை, வீடு பூட்டியிருந்தது. இரு தரப்பும் ஆஜர், கவுன்சலிங்குக்கு அனுப்பப்படுகிறது. எதிருரைக்காக ஒத்திவைப்பு. பக்கம் பக்கமாக இப்படியே போகும். மனைவி ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்ட சில வாரங்களில், அவள் திரும்பி வந்து தன்னோடு வாழ உத்தரவிட வேண்டும் என்று கணவன் ஒரு மனுப் போட்டிருப்பான். கூப்பிட்டும் வராதவளுக்கு எதற்குப் பணம் என்று வாதிட அது உதவும். அந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கும்போதுதான் இது ஒரு வீட்டு விவகாரம் மட்டுமில்லை, பல வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் வாதமுறை என்பது புலப்படும்.

கவுன்சலிங் அறையில் என்ன பேசப்பட்டது என்பது கோப்பில் இராது. அங்கே மனம்விட்டுப் பேசட்டும் என்பதற்காக, பேசியதைச் சாட்சியமாக்கக் கூடாது என்று பல மாநில விதிகள் தடுக்கின்றன. நோக்கம் நல்லதுதான். ஆனால் கவுன்சலரிடம் ஒருத்தி சொன்ன சூடு வைத்த தழும்பும் அந்த அறையோடு நின்றுவிடுகிறது. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ்நாடு சமரச மையம் தொடங்கியபின் இப்படியான மூடிய அறை இன்னொன்றும் சேர்ந்தது.

பல கட்டுகள் பரஸ்பர சம்மத விவாகரத்தில் முடியும். இந்துத் திருமணச் சட்டத்தின் 1976 திருத்தத்தில் வந்த 13-பி பிரிவுப்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்தோம், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய ஒத்துக்கொண்டோம் என்று இருவரும் சொன்னால் போதும். அடி, உதை, பட்டினி எதையும் சொல்லத் தேவையில்லை. சமரசத்தின் பகுதியாக வன்முறை மனுவையும் காவல் புகாரையும் அவள் திரும்பப் பெற்றிருப்பாள். கடைசித் தாளை மட்டும் படித்துக் கணக்கெடுத்தால், இந்த வழக்கு வன்முறையே இல்லாத வழக்கு. முதல் தாளிலிருந்து படித்தவருக்குத்தான் உண்மை தெரியும். குடும்ப நீதிமன்ற ஆய்வில் உதவியாளரின் உழைப்புக்கு இருக்கும் மதிப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டி இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எண்கள் பேசத் தொடங்கியபோது

1990-களின் நடுவில் சாக்ஷி என்ற தில்லி அமைப்பு நீதிபதிகளையே பேட்டி கண்டது. கீழ்நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை 109 பேர். சில சந்தர்ப்பங்களில் கணவன் மனைவியை அறைவதில் நியாயம் உண்டு என்று 48 சதவீதம் பேர் கருதினார்கள். வன்முறை இருந்தாலும் குடும்பத்தைக் காப்பதே பெண்ணின் முதல் அக்கறையாக இருக்க வேண்டும் என்றவர்கள் 74 சதவீதம். கோப்புகளில் சமரச வாய்தாக்கள் ஏன் அவ்வளவு நீள்கின்றன என்பதற்கு 1996-இல் வெளியான அந்த அறிக்கை ஒரு விளக்கம் தந்தது.

அமெரிக்க மானிடவியலாளர் சில்வியா வாடுக் 1998-99-இல் சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் களப்பணி செய்தார். முஸ்லிம் பெண்கள் தொடுத்த வழக்குகளின் கோப்புகளைப் படித்தார், பெண்களிடமும் வழக்கறிஞர்களிடமும் பேசினார். அவள் எங்கே போவாள், என்ன செய்வாள் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2001-இல் கட்டுரை எழுதினார். நீதிமன்றத்தில் பெண்ணிடம் இரக்கம் காட்டியவர்கள்கூட, ஒரு ஆணின் பாதுகாப்பில் இருந்தால்தான் அவள் வாழ முடியும் என்று நம்பியதால் அவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள் என்பதை அவர் ஆய்வு காட்டியது.

மேற்கு வங்கக் குடும்ப நீதிமன்றங்களை ஆராய்ந்தவர் பிளேவியா அக்னஸ். வன்முறை நிறைந்த தன் திருமண வாழ்க்கையை 1980-களில் நூலாக எழுதி, அதற்குப் பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானவர். மும்பையில் மஜ்லிஸ் அமைப்பைத் தொடங்கி இளம் பெண் வழக்கறிஞர்களைப் பயிற்றுவித்தார். திருமணத்தைக் காப்பது நீதிமன்றத்தின் வேலை என்று எழுதிவைத்த பிறகு, திருமணத்திலிருந்து தப்பி வரும் பெண்ணின் உரிமையை யார் காப்பது என்று அவர் விடாமல் கேட்டுவந்தார். கொல்கத்தாக் குடும்ப நீதிமன்றத்தில் நீண்ட காலம் களப்பணி செய்த ஸ்ரீமதி பாசு 2015-இல் வெளியிட்ட நூலில் இன்னொரு முகத்தைக் காட்டினார். ஜீவனாம்ச வழக்கையும் 498-ஏ புகாரையும் பெண்கள் பேரம் பேசும் பலமாகப் பயன்படுத்துகிறார்கள். வேறு சொத்தோ வருமானமோ இல்லாதவர்களுக்கு அதுதான் கைவசம் இருக்கும் பலம் என்றார்.

நீதிமன்ற வாசலையே மிதிக்காத பெண்களும் உண்டே? 2000-இல் வெளியான ஓர் ஆய்வு அவர்களைத் தேடிப் போனது. சென்னை, வேலூர், திருவனந்தபுரம், நாக்பூர், போபால், லக்னோ, தில்லி ஆகிய ஏழு இடங்களில் ஏறக்குறைய 10,000 பெண்களிடம் பேசினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் ஏதாவது ஒரு வகைக் கொடுமையைத் திருமண வாழ்க்கையில் சந்தித்திருந்தார்கள்.

இத்தகைய கணக்கெடுப்புக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிகள் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லித்தரப்படுகின்றன. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும். தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். நடுவில் யாராவது வந்துவிட்டால் சட்டென்று வேறு பொதுவான கேள்விக்கு மாறிவிட வேண்டும். உதவி எங்கே கிடைக்கும் என்ற தகவல் கையில் இருக்க வேண்டும். கேட்பவரின் மனநிலையையும் ஆய்வை நடத்துபவர் கவனித்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க அடிபட்ட கதைகளைக் கேட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பும் இருபது வயதுப் பெண்ணுக்குத் தூக்கம் எப்படி வரும் என்பதையும் நினைத்து எழுதிய நெறி இது. கோப்பு படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். பெயரும் முகவரியும் குறிப்பேட்டில் ஏறக்கூடாது, வழக்குக்கு ஒரு குறியீட்டு எண் மட்டும். குடும்ப நீதிமன்ற விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆய்வு அந்தத் திரையைக் கிழித்துவிடக் கூடாது.

படிவம் எண் 1

2002-இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு குடும்ப வன்முறை மசோதாவைக் கொண்டுவந்தது. வழக்கமாக அடிப்பதைத்தான் அது வன்முறையாகக் கணக்கில் எடுத்தது. தன்னையோ சொத்தையோ காத்துக்கொள்ள எடுத்த நடவடிக்கை என்று சொல்லிக் கணவன் தப்பவும் அதில் வழி இருந்தது. ஒரு முறை அடித்தால் பரவாயில்லையா என்று பெண்கள் அமைப்புகள் கொதித்து எழுந்தன. இந்திரா ஜெய்சிங் தலைமையில் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பு ஏற்கனவே ஒரு வரைவைத் தயாரித்து நாடெங்கும் விவாதித்திருந்தது. அந்த அடித்தளத்தில் எழுந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் விதிகளில் உள்ள முதல் படிவம் குடும்ப நிகழ்வு அறிக்கை. பாதுகாப்பு அலுவலர் நிரப்ப வேண்டியது. உடலுக்கு எந்த வகையில் காயம் விளைவித்தார்கள் என்று குறிப்பிட அதில் இடம் இருக்கிறது. ஆண் குழந்தை பெறவில்லை என்று இழிவுபடுத்துவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் தராமல் இருப்பது ஆகியவையும் உண்டு. கோப்புகளிலும் விவரத் தாள்களிலும் சிதறிக் கிடந்ததெல்லாம் இப்போது அரசாங்கப் படிவத்தில் கட்டம் கட்டமாக ஏறிவிட்டது.

சட்டம் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டிலிருந்து லாயர்ஸ் கலெக்டிவ் மாஜிஸ்திரேட் உத்தரவுகளைத் திரட்டிப் படித்து ஆண்டறிக்கைகள் வெளியிட்டது. பல மாநிலங்கள் தனியாகப் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்காமல், இருக்கும் அதிகாரிகளுக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருந்தன என்பது அந்த அறிக்கைகளில் அம்பலமானது. பல நூறு உத்தரவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் குறிப்பெடுக்க ஆட்கள் இல்லாமல் இப்படி ஓர் அறிக்கை உருவாகாது. அவர்களில் பலருடைய பெயர் நன்றியுரைப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

இன்னும் திறக்காத பதிவேடு

2022-இல் நாடாளுமன்றத்தில் தந்த தகவலின்படி 700-க்கும் மேற்பட்ட குடும்ப நீதிமன்றங்களில் 11 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகள் நிலுவையில் இருந்தன. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 4.7 லட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடப்பதாக 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் சொல்லப்பட்டது. தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அமர்த்த வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்து பதினெட்டு ஆண்டு கடந்த பிறகு!

இன்றைய மாணவர் தூசி படிந்த கட்டை விடக் கணினித் திரையைத்தான் அதிகம் பார்க்கிறார். வழக்கு நிலவரம் இ-கோர்ட்ஸ் தளத்தில் தெரிகிறது. வாய்தாத் தேதிகளைச் சில நிமிடங்களில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் குடும்ப வழக்கின் உத்தரவுகள் பல நீதிமன்றங்களில் பொதுப் பார்வைக்கு வருவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் அந்தரங்கம் கருதி அது சரியும்தான். ஆகவே நீதிபதியின் அனுமதி வாங்கி ரிக்கார்டு ரூமுக்குப் போகும் வேலை ஒழியவில்லை. தளத்தில் தெரியும் தேதிகளை மட்டும் வைத்து எழுதும் ஆய்வு தாமதத்தை அளக்கும், அடியை அளக்காது.

2020 நவம்பர் 4-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளுக்கு நெறிமுறை வகுத்தது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை 60 நாளுக்குள் முடிக்கச் சட்டம் சொல்லியும், அவை ஆண்டுக்கணக்கில் கிடப்பதைத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. அந்த வழக்கிலேயே 2013-இல் போட்ட மனுவின் உத்தரவு முழுதாக நிறைவேறாமல் ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன.

அந்தப் பிரமாணப் பத்திரம் மாவட்ட நீதிமன்றங்களில் உண்மையாகவே தாக்கலாகிறதா, அதன்பின் தொகை கூடியிருக்கிறதா என்பதை இப்போது சட்டக் கல்லூரி மாணவர்கள் கோப்பு கோப்பாகச் சரிபார்க்கலாம். இன்னொன்றும் மிச்சமிருக்கிறது. மாதம் இவ்வளவு என்று உத்தரவான பணம் அவள் கைக்கு வந்ததா என்பது தீர்ப்புக் கட்டில் இருக்காது. கொடுக்காத கணவனிடம் வசூலிக்க அவள் மறுபடி போடும் நிறைவேற்று மனுக்களின் பதிவேட்டில்தான் தேட வேண்டும். அந்த மனுக்கள் எத்தனை மாதத்தில் முடிகின்றன, எத்தனை பெண்கள் பாதியிலேயே வருவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று மாவட்டம் மாவட்டமாக எண்ணும் வேலை அடுத்து வரும் மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது.